யாருடைய ஆயுள்?

ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டாத எண்ணெய் என்று ஒரு சரக்கு உலகத்தில் இருக்கிறதாம். மளிகைக் கடைக்காரர் இப்படிச் சொன்னால் சிரிப்போம். மோட்டார் கம்பெனி சொன்னால், படித்தவர்கள் தலையாட்டுகிறோம்.

இங்கிலாந்தில், பர்மிங்காமில் டாக்டராக இருக்கும் என் தம்பியின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அவனிடம் இருபது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. தானே கியர் மாற்றிக் கொள்ளும் ஜாதி. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது அது, படி தடுக்கிய கிழவரைப் போல் ஒரு குலுக்குக் குலுக்கிற்று. ஒர்க்ஷாப்புக்குப் போனோம். "கியர்பெட்டி மூடி முத்திரை வைத்தது. உள்ளே இருப்பது ஆயுள் எண்ணெய். தொடக்கூடாது. கெட்டால் வேறு பெட்டிதான்" என்றார் அங்கிருந்தவர்.

நான் கேட்கிறேன்: யாருடைய ஆயுள்? காரின் ஆயுளா, கம்பெனி கொடுத்த உத்தரவாதச் சீட்டின் ஆயுளா?

அந்தப் பெட்டியைக் கார் கம்பெனி செய்யவில்லை. ஜெப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காக 1915-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஸெட்.எஃப். கம்பெனி செய்தது. எண்பதாயிரத்திலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள் அவர்கள். பெற்றவள் ஒன்று சொல்ல, கல்யாணத் தரகர் வேறு சொன்னால், யாரை நம்புவது? பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டினால் புதுக் கார் விற்கும். மூன்றாம் கைக்குப் போன காரைப் பற்றித் தரகருக்கு என்ன கவலை?

இந்தப் பெட்டியில் எண்ணெய் வெறும் வழுக்கலுக்காக இல்லை. எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைச் சுமப்பதும் அதுதான். சூட்டில் வெந்து, கிளட்சுத் தூளைச் சுமந்து, எந்த எண்ணெய் சிரஞ்சீவியாக இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கினோம். காரைச் சமமாகத் தூக்கி, நான்கு தாங்கிகளில் நிறுத்தினோம். தம்பி வடிக்கும் திருகில் கை வைத்தான். "முதலில் ஊற்றும் திருகு கழல்கிறதா, பார்!" என்று தடுத்தேன். வரவுக்கு வழி தெரியாமல் செலவு செய்கிறவன் கதிதான், வடித்துவிட்டு ஊற்ற முடியாமல் நிற்கிறவனுக்கும். வடிந்தது பழைய டிகாக்ஷன் போல் கறுத்திருந்தது. அடித்தட்டைக் கழற்றினால், காந்தங்களில் சாம்பல் நிறச் சேறு. அது தேய்மானம், பயமில்லை. உலோகச் சில்லுகள் இருந்தால்தான் பயம்.

வடிகட்டியை மாற்றி, தட்டைப் பூட்டி, புது எண்ணெயைப் பம்பால் ஏற்றினோம். அளவு பார்க்கக் குச்சிகூட வைக்காத பெட்டி அது. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்களை ஒரு சுற்று போட்டு, எண்ணெயின் சூடு 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போது, மிகுதி துளை வழியே மெல்ல வழிந்ததும் மூடினோம். அப்படியும் பாதிதான் மாறியது. மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றினோம்.

குலுக்கல் அடியோடு போய்விட்டது என்று கதை கட்ட மாட்டேன். குறைந்தது. கிளட்சு தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பெட்டியைப் புது எண்ணெய் பிழைக்க வைக்காது என்பதும் உண்மைதான். அதனால் எண்ணெயை மாற்றாதே என்கிறார்கள். நோய் முற்றியபின் மருந்து பலிக்காது என்றால், மருந்தே கூடாது என்றா அர்த்தம்? முற்றுவதற்கு முன்பே கொடு என்றல்லவா அர்த்தம்!

"கதை எழுதுகிறவனுக்குக் கியர்பெட்டியில் என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு சொல் பொய் சொல்லும்போது அதைப் பிடிப்பதுதான் என் வேலை. "ஆயுள்" என்பது அப்படிப்பட்ட சொல். பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாதென்றால், நாம் அதன் சொந்தக்காரர்கள் அல்ல, குடித்தனக்காரர்கள்.