தொடுகைக் கணக்கும் தமிழும்

"தொடக்கப்பள்ளிக் கணக்குவரை தமிழ் போதும், அதற்குமேல் தாங்காது" என்னும் கூற்று நம் ஆசிரியர் அறைகளில் நெடுங்காலமாக உலவி வருகிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது அது உரத்து ஒலித்தது. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்ட பின்னரும் அடங்கவில்லை. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்ததும் மீண்டும் தலைதூக்கியது. இவ்வாறு உரைப்போருள் தமிழாசிரியர்களும் உளர் என்பதே வருந்தத்தக்கது. எந்தக் கணக்கைத் தமிழில் சொல்ல முயன்று தோற்றீர்கள் என்று வினவினால் விடையில்லை. முயலாமலே தீர்ப்பு வழங்கிவிட்டனர்!

ஆகவே, பொறியியலில் முதுநிலை மாணவர் பயிலும் ஒரு பொருளையே ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். தொடுகைச் சிக்கல், தடைச் சிக்கல் என்பன அவை.

சிலிம் ரிவர் நிலையத்தில் வந்து நிற்கும் தொடர்வண்டியைப் பாருங்கள். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே. பல டன் பாரம் அவ்வழியே இறங்குகிறது. இரண்டும் சிறிதே நசுங்குகின்றன. நசுங்கத் தொடும் பரப்பு விரிகிறது. விரியவே அழுத்தம் பங்கிடப்பட்டு நசுங்கும் அளவும் மாறுகிறது. எங்கே தொடுகிறது எனத் தெரிந்தால் அழுத்தத்தைக் கணக்கிடலாம். அழுத்தம் தெரிந்தால் எங்கே தொடுகிறது எனச் சொல்லலாம். நமக்கோ இரண்டும் தெரியா. சீரான வளைபரப்புகளுக்கு ஹெர்ட்ஸ் 1882இல் விடை தந்தார். சிக்னோரினி 1959இல் பொதுநிலையில் எழுப்பிய வினாவுக்கு விடை உண்டென்றும் அது ஒன்றே என்றும் 1963இல் நிறுவியவர் ஃபிக்கேரா.

அவ்விதிகள்தாம் யாவை? ஒரு பொருள் மற்றொன்றினுள் புகாது. தள்ளலாம், இழுக்க இயலாது. இடைவெளி உள்ள இடத்தில் அழுத்தமில்லை. அழுத்தம் உள்ள இடத்தில் இடைவெளியில்லை. இவற்றுள் எந்தச் சொல் நம் மாணவனுக்குப் புரியாதது?

இனித் தீர்க்கும் முறை. ஒரு கயிற்றின் இரு முனைகளையும் தரையோடு முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். இடையே சம தொலைவில் மூன்று கற்கள். உயரம் முறையே 2, 6, 4 சென்டிமீட்டர். கயிறு எந்தக் கற்களைத் தொடும்? கல் தடுக்காத இடத்தில் கயிற்றின் உயரம் இருபுறத்து உயரங்களின் சராசரி. சராசரி கல்லின் உயரத்தினும் குறைந்தால் கல்லின் உயரத்தையே எழுதுக. எல்லாம் சுழியம் எனத் தொடங்குவோம். முதற்சுற்றில் மூன்று இடங்களிலும் சராசரி 0, 1, 3. மூன்றையும் கல் தடுக்கிறது. ஆதலின் 2, 6, 4. இரண்டாம் சுற்றில் முதலிடத்தின் சராசரி 3. அது கல்லினும் உயரம். கயிறு அங்கே கல்லை விட்டு எழும்புகிறது! மற்றவை மாறவில்லை. மூன்றாம் சுற்றில் எதுவும் மாறாது: 3, 6, 4. முதற்கல்லைத் தொடவில்லை, மற்ற இரண்டையும் தொடுகிறது.

இது சிறுவர் விளையாட்டன்று. எந்திரத் தாங்கிகளில் எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்தைக் காணக் கிறிஸ்டபர்சன் 1941இல் கையாண்ட முறை இதன் உடன்பிறப்பு. கிரையர் 1971இல் அதனை விரைவுபடுத்தும் வழியை ஆராய்ந்து வெளியிட்டார். இன்றைய கணினிகளுக்கு இதனினும் வலிய முறைகள் பல உள. ஆயினும் ஊகித்து, தடையோடு ஒப்பிட்டு, திருத்தி, மீண்டும் ஊகிப்பது மாறவில்லை.

கலைச்சொல் இல்லையே என்பர். சமனிலி என்னும் சொல் இருக்கிறது. இலங்கையில் தமிழ் மாணவர் உயர்தரத் தேர்வில் இணைந்த கணிதத்தைத் தமிழிலேயே எழுதிப் பொறியியற் பீடங்களுக்குச் செல்கின்றனர். (ஒரு பொருளுக்கு ஐந்து சொற்களைப் படைத்து, எது தூயது என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நம் புலமையாளரையும் இவ்விடத்தில் பாராட்ட இயலவில்லை.) இடைநிலைப்பள்ளியில் மொழி மாறுமே என்பர். மாறட்டும். அங்கே பெரும்பாலும் மலாய்மொழி. இருமொழித் திட்டப் பள்ளியானால் ஆங்கிலம். கயிறு ஏன் கல்லை விட்டு எழும்பிற்று என்பதை அறிந்து செல்லும் மாணவன் அங்கே கற்க வேண்டியவை பெயர்கள் மட்டுமே. அறியாமல் செல்பவனோ பெயர்களை மட்டுமே கற்பான்.

மறுப்போர் மறுக்கட்டும். ஆனால் மேற்கண்ட கணக்கில் எந்த வரி தமிழில் நிற்கவில்லை என்று சுட்டிவிட்டு மறுக்கட்டும்.