கணினிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்யும் முன்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்று முதல் திருப்பதியிலும் சித்தூர் மாவட்டத்திலும் ஆய்வு மாணவர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது: பழைய மடிக்கணினியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்க வேண்டியதுதானா?

இது பணத்தைப் பற்றிய கேள்வியும்கூட. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு 8,000 ரூபாய். திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், குப்பத்தின் திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களிலோ எவ்வித உதவித்தொகையும் இன்றி ஆய்வு செய்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு புதிய மடிக்கணினி என்பது பல மாத வாடகையும் சாப்பாடும். ஆகவே ‘வாங்கிவிடுங்கள்’ என்று எளிதாகச் சொல்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. நோய் என்னவென்று பார்க்காமலேயே நாம் நோயாளியைக் கைவிடுகிறோம் என்பதே என் கருத்து.

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி நின்றுவிட்டது என்று பொருளன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவே. அவற்றையும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமும் இல்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியையும். அந்தத் தலைமுறை வந்தது 2017இல். அதற்கு முந்தைய ஆண்டில் வாங்கிய நல்ல கணினி இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அதன் உடலில் ஒரு குறையும் இல்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் போதும். தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் கணினியோடு எல்லை தாண்டி இங்கே படிக்க வந்தவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

‘மெதுவாக இருக்கிறது’ என்ற புகார்தான் மிகுதி. மெதுவாவது எது என்று கேட்டால் பதில் வருவதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜர் அந்தப் பதிலைத் தந்துவிடும். ‘டிஸ்க்’ என்ற பத்தி விடாமல் நூறு விழுக்காட்டில் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் வன்தட்டுதான். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில், முள் ஒவ்வோரிடமாக ஓடித் தேடி வினாடிக்கு நூறு முறை அளவில் மட்டுமே படிக்க முடியும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதே வினாடியில் அது பல்லாயிரம் முறை படிக்கும். திருமலை திருப்பதி தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகளின் வருடிய கோப்புகளை நான்கைந்து திறந்துவைத்து, கூடவே இயல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கலாம். அதற்கு ஆகும் செலவு புதுக் கணினியின் விலையில் சிறு பங்கு. ரேமையும் கூட்டலாம், ஆனால் 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது. முதலில் தட்டு, பிறகே ரேம்.

சில நோய்கள் இன்னும் சிறியவை. கணினி அணைந்து எழும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. இணைய இணைப்பையும் வைரஸையும் குறைசொல்லிப் பயனில்லை. மதர்போர்டில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. தளங்களின் சான்றிதழ்கள் தேதியை வைத்துச் சரிபார்க்கப்படுவதால், கணினியின் தேதி தவறினால் எல்லாத் தளமும் பொய்யாகத் தெரியும். மேசைக் கணினி திரையைக் காட்டாமல் பீப் ஒலி மட்டும் எழுப்பினால், ரேமைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்திப் பார்ப்பது கடைக்காரர்களின் முதல் வைத்தியம். நம் பகுதிக்கே உரியவை வெயிலும் தூசியும். மே மாதத் திருப்பதி நாற்பது பாகையைத் தாண்டும். குப்பத்தின் கிரானைட் தூசி விசிறிக்குள் படியும். சூடு மிகும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிற்பகலில் மட்டும் மெதுவாகும் கணினிக்கு வயதாகவில்லை, மூச்சு முட்டுகிறது. விசிறியைத் துடைத்து, செயலியின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பித்தால் தெளிந்துவிடும்.

மின்கலம் உப்பித் தட்டச்சுப் பலகையை மேலே தள்ளினால் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

வாங்கியே ஆகவேண்டிய நிலையும் உண்டு. 4 ஜிபி ரேம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டு, கூட்ட வழியில்லாத கணினியில் ஆய்வேட்டை முடிப்பது தண்டனை. மதர்போர்டு ஒருமுறை பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் விழுந்தால் மூன்றாம் முறை செலவழிக்க வேண்டாம். களப்பணிக்குச் செல்பவருக்கு மின்கலம் அரைமணி நேரமே தாங்கி, அந்த மாதிரிக்கு மாற்று மின்கலமும் கிடைக்கவில்லை என்றால், அதுவும் போதிய காரணம்தான்.

தமிழாய்வாளர் என்ற முறையில் எனக்கு உண்மையில் அச்சம் தருவது வேறொன்று. நம் துறைகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சான கட்டுரைகள், சொல்லடைவுகள், களக்குறிப்புகள் ஒருங்குறியில் இல்லை. பாமினி, டாப், வானவில் என அவரவருக்குக் கிடைத்த எழுத்துருவில் கிடக்கின்றன. சில பேஜ்மேக்கர் கோப்புகள். தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றதே 2010இல்தான். அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் இக்கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தெலுங்கு மட்டும் அறிந்த பழுதுநீக்குநர் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று நல்லெண்ணத்தோடே சொல்வார். வன்தட்டை ஃபார்மட் செய்தும் விடுவார். கெட்டுப்போகாத ஒரு சொல்லடைவு இப்படித்தான் அழியும்.

ஆகவே கணினியைக் கடையில் கொடுக்கும் முன் கோப்புகளோடு விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையையும் வெளித்தட்டில் படியெடுங்கள். எழுத்துரு கையில் இருந்தால் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். எழுத்துரு போய்விட்டால் ஊகம்தான். மாற்றிய பின் கிரந்த எழுத்துகளையும் மேற்கோள் குறிகளையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். மாற்றிகள் தடுக்கி விழும் இடங்கள் அவை. வன்தட்டின் நலத்தைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் காட்டும். அதில் ‘காஷன்’ என்று மஞ்சளில் வந்தால் அன்றைய முதல் வேலை படியெடுப்பதுதான், ஆய்வேடு அன்று.

இதைத் தனித்தனி மாணவரின் தலையில் கட்டுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஓர் உதிரிப் பாகத்துக்காகத் திருப்பதியிலிருப்பவர் சென்னை ரிச்சி தெருவுக்கும், குப்பத்திலிருப்பவர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கும் ஒருநாளைச் செலவழிக்கிறார். கழற்றிய வன்தட்டை யூஎஸ்பி வழியே இணைக்கும் உறை ஒன்று, அவசரத்துக்கு இரவல் தர ஓர் எஸ்எஸ்டி, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று, பழைய தமிழ் எழுத்துருக்கள் அனைத்தும் அடங்கிய ஒரு கோப்புறை: இவ்வளவையும் ஒரு துறையின் அலமாரியில் வைக்கப் பெரும் நிதி தேவையில்லை. கடைசியாகச் சொன்ன கோப்புறையை நான் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். வழிகாட்டிகளின் பழைய கணினிகளில் எழுத்துருக் கோப்புகள் கிடந்தால், கணினியை எடைக்குப் போடும் முன் எனக்கு அனுப்பிவையுங்கள்.