பன்னீராண்டுக் கடன்

நாய்க்குட்டியொன்றை வீட்டிற்குக் கொணர்வது ஒரு நாழிகை வேலை. அதனைப் பேணுவதோ ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு வேலை. அத்தனை ஆண்டிற்கும் ஆகும் செலவை முன்னரே எண்ணிப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இக்கணக்கு எளிதில் மறைந்துவிடும். வலையிற் கழித்த சிறுமீனும் எஞ்சிய சோறும் நாய்க்கு உணவாதலின், ‘நாய்க்கு என்ன செலவு?’ என்று கேட்கத் தோன்றும். ஆயின், பெருஞ்செலவு அதன் வயிற்றைச் சார்ந்ததன்று. மூன்று திங்கள் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். அதனைப் பின்னரும் உரிய காலந்தோறும் தொடர்தல் வேண்டும். குடற்புழு மருந்து, கருத்தடை, முதுமைப் பிணி என்பன ஒன்றன்பின் ஒன்றாய் வரும். இவற்றிற்கென நாளொன்றுக்கு 10 ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். ஆண்டிற்கு 3,650 ரூபாய், பன்னிரண்டு ஆண்டிற்கு 43,800 ரூபாய் ஆகும்.

மீனவர் வருவாயோ நாள்தோறும் ஒருபடித்தாய் வருவதன்று. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊர்களில் இறால் பிடிக்கும் நீர்ப்பரப்பை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தம் முறை வந்த நாளில் கை நிறையும். வாராத நாளில் முட்டுப்பாடே. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் மீன்வரத்தும் குன்றும். நாயின் பிணிக்கோ முறையும் இல்லை, பருவமும் இல்லை.

அங்ஙனமாயின் எளியோர் நாய் வளர்த்தலாகாதோ எனின், அற்றன்று. இரவெல்லாம் படகையும் வலையையும் காக்கும் உயிரை வேண்டாவென்பது அறமாகாது. யான் குறை கூறுவது வறுமையை அன்று, கணக்கின்மையையே. நான்கு வீட்டார் சோறிடும் நாய் நோயுற்ற அன்று எவர் நாயும் அன்று என்றாகிவிடுகிறது. வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உடையவரே பொறுப்பு என்றும், தெருநாய்க்கு உள்ளாட்சி அமைப்பே பொறுப்பு என்றும் 2023ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. இரண்டிற்கும் இடைப்பட்ட நாயை இருசாராரும் கைவிடுகின்றனர்.

அதன் விலையைச் செலுத்துவது தெருவில் விளையாடும் குழந்தை. லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்குத் தடுப்பூசியை மனிதருக்குப் பயன்படுத்தினார். நம் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தோன்றிற்று. எனினும், நோய்க்குறி தோன்றிய பின்னர்ப் பிழைத்தல் இன்றும் அரிதினும் அரிதே.

நீரைப் பகிர்ந்துண்ணக் கற்ற ஊரார்க்கு நாயின் செலவைப் பகிர்தல் அரிதோ? சோறிடும் நான்கு வீட்டாரும் சேர்ந்து ஏற்பின், வீட்டிற்கு நாளொன்றுக்கு இரண்டரை ரூபாயே. பாடு கிடைத்த நாளில் அதனைச் சேர்த்து வைத்து, இல்லாத நாளுக்கு ஈடு செய்யலாம். அதற்கும் இயலாதெனின், குட்டியைக் கொணராது விடுதலே அதற்குச் செய்யும் அன்பு.