பின்னால் ஒரு கண் வேண்டும்!

"வாங்கண்ணா... வாங்க... இன்னும் வரலாம்ங்க... லெப்ட்ல ஒடிச்சு வாங்க... ஹோல்டான்!"

சேந்தமங்கலம் பக்கம் இந்தக் குரலைக் கேட்காதவர் இருக்க முடியாது. லாரி பின்னால் வரும்போது கிளீனர் கீழே குதித்து, பாடியில் தட்டிக் கொண்டே கொடுக்கும் குரல் அது. குரல் நின்றால் வண்டியும் நின்று விட வேண்டும். லாரித் தொழிலில் பிழைக்கும் நாமக்கல் வட்டாரத்தில் இது எழுதாத சட்டம்.

லாரிக்குக் கிளீனர் இருக்கிறான். காருக்கு யார் இருக்கிறார்கள்?

இன்று நம் ஊர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. வாசலில் நெல் காய்கிறது. பாட்டி உட்கார்ந்து இருக்கிறார். தவழும் பிள்ளை தவழ்ந்து கொண்டு இருக்கிறது. அப்பா அவசரமாக வந்து ஏறுகிறார். சாவியைத் திருகி ரிவர்ஸ் கியரைப் போடுகிறார். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பை விடக் குள்ளமாக இருக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது, விபத்துச் செய்தி எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியில் ஓட்டியவர் பெயரும் இறந்தவர் பெயரும் ஒரே குடும்பப் பெயராக இருக்கும். அதை விடக் கொடுமையான செய்தி வேறு இல்லை.

ஆகவேதான் சொல்கிறோம். பழைய கார் வைத்து இருப்பவர்கள் பின்புறக் கேமரா மாட்டிக் கொள்ள வேண்டும். அது பந்தா சாமான் அல்ல.

உயிர் போனபின் வந்த சட்டங்கள்

சென்னை வளசரவாக்கம் பகுதியில் 2022-ம் ஆண்டு மார்ச் 28-ந்தேதி நடந்ததை மறந்து விட முடியாது. பள்ளிக்கூட வேனில் இருந்து இறங்கிய 7 வயது சிறுவன், மறுபடி வேன் பக்கம் திரும்பி வந்தான். அது டிரைவருக்குத் தெரியவில்லை. பள்ளி வளாகத்துக்கு உள்ளேயே வேன் மோதி அந்தப் பிஞ்சு பரிதாபமாக இறந்தது. டிரைவரையும், வேனில் உதவியாளராக இருந்த பெண்ணையும் போலீசார் கைது செய்தார்கள்.

அதன் பிறகுதான் அரசு விழித்தது. பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளை அதே ஆண்டில் திருத்தியது. பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமரா இருக்க வேண்டும், பின்னால் எதிர்ப்பட்டதை உணர்ந்து எச்சரிக்கும் சென்சாரும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஆனது.

அந்தச் சிறப்பு விதிகள் பிறந்த கதையும் இப்படித்தான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பஸ்சின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகே விதிகள் வந்தன.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2002-ல் வீட்டு வாசலில் தகப்பனார் பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி 2 வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் இயற்றினார்கள். 2018 மே 1-ந்தேதி முதல் அங்கே விற்கும் புதுக் கார் ஒவ்வொன்றிலும் பின்புறக் கேமரா கட்டாயம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஆண்டுக்குச் சராசரி 210 பேர் சாகிறார்கள், அதில் 100-க்கு 31 பேர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள், 26 பேர் 70 வயதைத் தாண்டியவர்கள் என்று அந்நாட்டு அரசு கணக்குக் காட்டியது.

பேரனும் தாத்தாவும்தான் சாகிறார்கள். நம் வீட்டு வாசலில் இருப்பவர்களும் அவர்கள்தானே?

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் ஆனது. ஆனால் சென்சார் 'பீப்' என்று கத்துமே தவிர, பின்னால் நிற்பது சுவரா, பிள்ளையா என்று காட்டாது. அதற்கு முந்தைய கார்களில் பலவற்றில் அந்தச் சத்தமும் கிடையாது.

மாட்டுகிற இடத்தில் ஏமாறாதீர்கள்

கேமராவும் சின்னத் திரையும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் அரைகுறையாக மாட்டினால், மாட்டாமல் இருப்பதை விட ஆபத்து. வேலை எப்படி நடக்கிறது என்று கார்காரருக்குத் தெரிந்து இருந்தால் ஏமாற்ற முடியாது.

ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது அல்லவா? அந்த விளக்குக்குப் போகும் கரண்டில் இருந்துதான் கேமராவுக்கும் கரண்டு எடுப்பார்கள். படம் வரும் வயர் டிக்கியில் இருந்து கதவு ஓரத்துப் பட்டைக்கு அடியில் புகுந்து டாஷ்போர்டு வரை வரும். "ரிவர்ஸ் போட்டாச்சு" என்று திரைக்குச் சொல்ல இன்னொரு மெல்லிய வயர் உண்டு. அது வந்தால்தான் பாட்டு நின்று படம் தெரியும்.

வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிற வேலையை அனுமதிக்காதீர்கள். மழைத் தண்ணீர் இறங்கினால் டேப் அவிழும். வயர் உரசினால் ஷார்ட் சர்க்யூட். ஒழுங்கான கனெக்டர் போட்டு, நடுவில் பியூஸ் வைக்கச் சொல்லுங்கள். டிக்கிக் கதவில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்து மூடியே வயர் அறுந்து விடும். சில புதுக் கார்களில் விளக்குக்குச் சீரான கரண்டு வராது. படம் நடுங்கும். அதற்கு ரிலே வைக்க வேண்டும்.

லாரி, பஸ் வைத்து இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வண்டிகள் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் கேமராவை அப்படியே கொடுத்தால் புகைந்து விடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் இடது, வலது! பின்புறக் கேமரா, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிக் காட்ட வேண்டும். காரின் இடது பக்கம் இருப்பது திரையிலும் இடது பக்கம் தெரிய வேண்டும். இதைச் சரி பார்க்காமல் வண்டியை அனுப்பி விடுவதை நாமே ஒரு கடையில் பார்த்தோம். பிள்ளை இடது பக்கம் நிற்க, வலது பக்கம் நிற்பதாகக் காட்டினால், தப்பிக்க நினைத்து ஒடிக்கிற ஸ்டீரிங்கே எமன் ஆகி விடும்.

சோதிப்பது சுலபம். காரின் பின்னால் இடது மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வையுங்கள். உள்ளே போய்த் திரையைப் பாருங்கள். குடம் இடது பக்கம் தெரிந்தால் பணத்தைக் கொடுங்கள். வலது பக்கம் தெரிந்தால், "தம்பி, இதை மாத்திட்டுக் குடுப்பா" என்று சொல்லுங்கள்.

அடுத்து, தரையில் 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தூரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் எந்தத் தூரத்தைக் குறிக்கின்றன என்று மனதில் வைத்துக் கொள்ளுங்கள். அகலமாகக் காட்டும் லென்ஸ், பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பது போலக் காட்டும்.

திரையை நம்பிக் கழுத்தை மறக்காதீர்கள்

கேமரா மாட்டச் சொல்லும் நாமே இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டு இருக்கிறோம். கேமரா வந்ததும் கழுத்தைத் திருப்பும் பழக்கம் போய் விடுகிறது.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகத்தான் கொல்லிமலைக்கு ஏறுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஆடியில் வல்வில் ஓரி விழா வந்தால் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். வளைவில் ஏற முடியாமல் ஒரு கார் பின்னால் வந்தால், அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் புருஷன், பொண்டாட்டி, பிள்ளை. மழைத்துளி ஒட்டிய கேமராவில் அவர்கள் வெறும் கலங்கல். சேறு அப்பினால் அதுவும் கிடையாது. பக்கவாட்டில் இருந்து ஓடி வரும் பிள்ளையைக் கேமரா முன்கூட்டியே பிடிக்காது.

வளசரவாக்கத்தில் போலீசார் கைது செய்தது டிரைவரை மட்டும் அல்ல என்பதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை இறக்கி, ஒதுக்கி நிறுத்தி, வண்டி நகரும் வரை பார்த்துக் கொள்வது உதவியாளரின் வேலை. "கேமரா இருக்கிறதே, ஆள் எதற்கு?" என்று சம்பளத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் நிர்வாகங்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சட்டமும் முன்பு போல இல்லை. கவனக்குறைவால் உயிர் போனால், பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டு வரை ஆகி விட்டது. "கேமராவில் தெரியலீங்க" என்பது கோர்ட்டில் எடுபடுகிற பதில் அல்ல.

அதிகாரிகள் கவனிக்க வேண்டும்

ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன்பு, வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் பள்ளி வாகனங்களைச் சோதிக்கிறார்கள். கேமரா இருக்கிறதா என்று பார்த்து 'டிக்' அடித்தால் போதாது. ரிவர்ஸ் கியர் போடச் சொல்லி, படம் தெளிவாக வருகிறதா, இடது வலது சரியாக இருக்கிறதா, லென்ஸ் துடைத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜூன் மாதம் வேலை செய்த கேமரா கார்த்திகை மழையிலும் வேலை செய்கிறதா என்று நடுவில் ஒரு முறை திடீர் சோதனை போட வேண்டும்.

கார்காரர்களுக்கு நாம் சொல்வது மூன்று. ஏறும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கேமராவைத் துணியால் துடையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அது யார் இடுப்பில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு சாவியைத் திருகுங்கள்.

கிளீனர் கொடுத்த அந்தக் குரலை இனி வீட்டு அம்மா கொடுக்கட்டும். "வாங்க... வாங்க... ஹோல்டான்!"

அதற்குச் செலவு இல்லை. பேட்டரியும் வேண்டாம்.