வானொலியும் நம்மவர் வெற்றியும்

2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒரு நாட்காலை, நாகர்கோவில் வடசேரியில் ஒரு தேநீர்க் கடையில் யாம் நண்பர் சிலருடன் அமர்ந்திருந்தோம். மழையால் தடைப்பட்டு நள்ளிரவு கடந்து ஆமதாபாத்தில் முடிந்த இறுதியாட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்து, ரவீந்திர ஜடேஜா சென்னை அணிக்கு ஐந்தாம் முறையாகக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்திருந்தார். கடையிலிருந்த வானொலிப் பெட்டி அன்று வேறொன்றும் பேசவில்லை. தொலைபேசியில் அழைத்த நேயர் ஒவ்வொருவரும் தாமே அப்பந்துகளை அடித்தவர்போலப் பெருமிதங்கொண்டனர். அறிவிப்பாளரோ அவர்களினும் மிகுதியாக ஆர்ப்பரித்தார். கடைக்காரர் தேநீரை ஆற்றுவதையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

2025ஆம் ஆண்டில் அதே அணி பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. கடையும் அதுவே, பெட்டியும் அதுவே. ஆயினும் அணியைப்பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. திரைப்படப் பாட்டும் நகைக்கடை விளம்பரமும் மாறிமாறி ஒலித்தன. அவ்வணி ஆடுகின்றதா, ஊர் திரும்பிவிட்டதா என்றுகூட அப்பெட்டியை நம்பியவர் அறிந்திருக்கமாட்டார்.

இதனை எந்த ஒரு நிலையத்தின்மீதும் குறையாகச் சுமத்துவது எமது நோக்கமன்று. வானொலியில் விளையாட்டைப்பற்றிய பேச்சு நம்மவர் வெற்றியையே உணவாகக் கொண்டு வாழ்வது நன்றோ என்பதே யாம் கேட்கும் வினா. இவ்வினாவை எழுப்புதற்கு நாஞ்சில் நாட்டாருக்குத் தனியுரிமையும் உண்டு. இந்திய நாட்டிலேயே உள்ளூர் வானொலி நிலையம் என்னும் முறை 1984ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பெற்றது நம் நாகர்கோவிலில்தான். சென்னை நிலையமும் திருச்சி நிலையமும் பெருநிலப் பரப்புக்காகப் பேசுகையில், ஒரு சிற்றூரின் செய்தியை அச்சிற்றூராருக்கே சொல்லும் குரல் ஒன்று வேண்டுமென்ற எண்ணம் நம் கோணத்தில் உருப்பெற்றது. அவ்வெண்ணத்திற்கும் தேநீர்க் கடையில் யாம் கேட்டதற்கும் உள்ள தூரம் சிறிதன்று.

வெற்றியோடு வானொலி ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் வெளிப்படை. விளம்பரதாரர் காது உள்ள இடத்தில் காசு வைப்பர். காதுகள் வெற்றி உள்ள இடத்தில் கூடும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், நாள் முழுவதும் விளையாட்டைப்பற்றியே பேசும் வானொலி நிலையம் ஒன்று 1987ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று தொடங்கப்பெற்றது. இவ்வகை நிலையங்களுக்கெல்லாம் அதுவே மூத்தது. அந்நகரத்து மெட்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை ஒலிபரப்பும் உரிமை அதனிடம் இருந்தது. அதற்கு முந்தைய 1986ஆம் ஆண்டில்தான் அவ்வணி அந்நாட்டின் உயர்ந்த பட்டத்தை வென்றிருந்தது. வெற்றியின் சூடு ஆறுமுன் கடை விரித்தனர் என்று சொல்லலாம். ஆயினும் அந்நாட்டாரிடம் ஒன்று கண்டோம்: தம் அணி தோற்றபோதும் அவர்கள் வானொலியை அழைக்கின்றனர், பயிற்றுநரை வைகின்றனர், யாரை நீக்கவேண்டும், யாரைச் சேர்க்கவேண்டும் என்று மணிக்கணக்கில் வழக்காடுகின்றனர். வசை நாகரிகமானதன்று, எனினும் அதுவும் ஒருவகைப் பற்றே. தோற்றவுடன் பெட்டியின் காதைத் திருகிப் பாட்டுக்கு மாறும் நம் வழக்கத்தினும் அது மேலானதென்றே யாம் எண்ணுகின்றோம்.

இவ்வழக்கத்தின் பயனை ஹாக்கி ஆட்டத்தின் கதையில் காணலாம். 1975ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று இந்தியா உலகக் கிண்ணம் பெற்றபோது, ஜஸ்தேவ் சிங் என்பாரின் இந்தி வர்ணனை நாடெங்கும் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து கூட்டம் கூட்டமாகக் கேட்கப்பெற்றது. மறு ஆண்டே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஆட்டக்களம் செயற்கைப் புல்தரையாயிற்று. இந்தியா ஏழாவதாக வந்தது. 1980இல் மாஸ்கோவில் ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன்பின் டோக்கியோவில் 2021ஆம் ஆண்டில் வெண்கலம் பெறுமளவும் நாற்பத்தோராண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2008இல் பீகிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதியும் பெறவில்லை. அந்நாற்பதாண்டுகளில் ஆட்டம் நின்றுவிட்டதா? இல்லை. ஆடியவர் ஆடிக்கொண்டேயிருந்தனர், பேசியவர்தாம் கிரிக்கெட் பக்கம் போய்விட்டனர். 1983ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் கிண்ணத்தை ஏந்தியதும் பேச்சின் ஓட்டம் முழுதும் அவ்வழியே திரும்பிற்று. செயற்கைத் தரையில் நம்மவர் ஏன் தடுமாறினர், பள்ளிச் சிறுவர் பழகுவதற்கு அத்தரை எங்கே கிடைக்கும் என்று நாடு வழக்காடவேண்டியிருந்த காலம் அது. பேச்சு மிகவும் வேண்டியிருந்த வேளையில்தான் பேச்சு ஓய்ந்தது.

வெற்றியின்றி வானொலிக்குச் சுவையில்லை என்பார் உளர். அவர்கள் சேப்பாக்கத்தில் 1986ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஆஸ்திரேலிய அணியோடு நடந்த டெஸ்ட் ஆட்டத்தை நினைத்துப் பார்ப்பாராக. ஐந்தாம் நாள் இந்தியாவுக்கு 348 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஓர் ஓட்டம் எடுத்துக் கணக்கைச் சமன் செய்தார். இன்னும் ஒரு பந்து எஞ்சியிருக்கும் நிலையில் மணீந்தர் சிங் காலில் பந்து வாங்கி ஆட்டமிழந்தார். இந்தியா எடுத்தது 347. வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. டெஸ்ட் வரலாற்றில் அதற்குமுன் 1960இல் பிரிஸ்பேனில் ஒருமுறையே அவ்வாறு நேர்ந்திருந்தது. அவ்வாட்டத்தைப்பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

சேப்பாக்க ஆட்டங்களை நல்ல தமிழில் வர்ணித்தவர்களுள் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஒருவர். 2020ஆம் ஆண்டில் மறைந்த அவர், பெயரிலேயே தம் ஊரைச் சுமந்தவர். அவ்வூர் நமக்குத் தொலைவன்று. ஆங்கிலத்திலன்றிச் சொல்லவியலாது என்று பலரும் கருதிய ஓர் ஆட்டத்தை, பந்து செல்லும் வழியும் ஆடுபவர் நிற்கும் இடமும் கண்முன் தோன்றுமாறு தமிழில் சொல்லிக்காட்டிய தலைமுறை அது. அவர்கள் பேச்சின் இன்பம் யார் வென்றார் என்பதைப் பொறுத்ததன்று. எதிரணியார் நன்றாய் அடித்த பந்துக்கும் அவர்களிடத்துச் சொல் இருந்தது. இன்று ஆர்ப்பரிக்கும் அறிவிப்பாளரிடம் குரல் இருக்கின்றது, அச்சொல்லைக் காணோம்.

இனி, நம்மவர் என்று நாம் யாரைச் சொல்லுகின்றோம் என்பதையும் சற்று ஆராய்தல் வேண்டும். நாஞ்சில் நாடு 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடு இருந்தது. நம் பாட்டனார் கேட்ட வானொலி, 1943ஆம் ஆண்டில் அவ்வரசு தொடங்கிய திருவனந்தபுரம் நிலையமேயாகும். எல்லைக்கோடு மாறியதே தவிர, காற்றில் வரும் ஒலிக்குச் சுங்கச்சாவடி இல்லை. மேற்கே விளவங்கோட்டில் இன்றும் இரு மொழி ஒலிபரப்பும் கேட்கின்றன. 1973ஆம் ஆண்டு டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கொண்டபோது மகிழ்ந்தோர் நம்மிடையே இலராயிருக்கமாட்டார். அம்மாநிலத்துக் கிரிக்கெட் அணியோ பல பத்தாண்டுகள் ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியதேயில்லை. 2025ஆம் ஆண்டில்தான், அரையிறுதியில் குஜராத்தைவிட இரண்டே ஓட்டங்கள் மிகுதியாக எடுத்து இறுதிக்குச் சென்றது. அங்கே முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் விதர்ப்பம் கோப்பையைக் கொண்டது. அவ்வணிமீது அத்தனை ஆண்டும் பற்று வைத்திருந்த கிழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெற்றியே பேச்சுக்கு அனுமதிச்சீட்டு என்றால், அவர் வாழ்நாளில் அவருக்காக எந்த வானொலி வாய் திறந்திருக்கும்?

சென்னை அணி நமக்கு எழுநூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. அதனை வெறுக்கவேண்டுமென யாம் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டு அந்தக் காலையில் யாமும் இன்னும் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிப் பருகியவர்களே. ஆனால் மேலைக் கடற்கரையில் தூத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் மாலைதோறும் மணலில் கால்பந்து ஆடும் இளைஞர் கூட்டத்தை எந்தப் பெட்டியும் பேசக் கேட்டிலோம். இக்கடற்கரையிலிருந்து எழுந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கே ஆடினார். அவர் ஆட்டத்தை அவருடைய ஊரார் கண்டது தொலைக்காட்சியில். அவர் மணலில் ஆடிய காலத்தில் அவரைப்பற்றிச் சொல்ல ஓர் ஒலிவாங்கியும் இல்லை. கபடியும் கைப்பந்தும் ஊர்தோறும் நடக்கின்றன. நம் அடிமுறை ஆசான்மார் இன்னும் களரியில் கற்பிக்கின்றனர்.

சட்டம் தடுக்கின்றது என்றும் சொல்ல இயலாது. தனியார் பண்பலை நிலையங்கள் தாமே செய்தி தயாரித்துச் சொல்லலாகாது என்ற கட்டுப்பாடு இருப்பினும், 2011ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் வகுத்த கொள்கை, உள்ளூர்த் தன்மையுள்ள விளையாட்டுப் போட்டிகளை நேர்முகமாக வர்ணிப்பதற்கு இடங்கொடுத்திருக்கின்றது. பெரும் கிரிக்கெட் ஆட்டங்களின் உரிமை கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகின்றது. மணற்பரப்பில் நடக்கும் பந்தாட்டத்துக்கு உரிமைத் தொகை கேட்பார் யார்?

கேட்பவர் இல்லாததை ஒலிபரப்பி நிலையம் நட்டப்படவேண்டுமோ என்று ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருக்கின்றது. சம்பளம் கொடுக்கவேண்டியவர் காதுகளை எண்ணித்தான் ஆகவேண்டும். ஆகையால் குறையின் பெரும்பகுதி நேயராகிய நம்முடையதே. தோற்ற நாளில் நாம் தொலைபேசியை எடுப்பதில்லை. எனினும் ஒன்று சொல்வோம்: ஓர் ஊர்ப் போட்டியில் ஆடுவோருக்குத் தாயும் தந்தையும் தமக்கையும் மாமனும் உளர், அவர்கள் பையன் தோற்றாலும் அவன் பெயரைக் கேட்பதற்காகப் பெட்டியை அணைக்காமல் இருப்பர். தொலைவிலுள்ள அணிக்கு வெற்றியால் வருகின்ற காது, பக்கத்து அணிக்கு உறவால் வரும். இதனைக் கணக்கிட்டுப் பார்த்த நிலையம் உண்டோ என்பது எமக்கு ஐயமே.

சென்ற கோடையில் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு கால்பந்துப் போட்டியைக் காணச் சென்றிருந்தோம். தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக ஓர் இளைஞர் ஆட்டம் முழுவதையும் பேசிக்கொண்டேயிருந்தார். வந்த ஊரின் இலக்குக் காவலன் ஐந்து கோல்களை விட்டுவிட்டான். ஆறாவதை அவன் பாய்ந்து தடுத்தபோது, அவன் பெயரையும், அவன் அப்பன் எந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகின்றார் என்பதையும், சென்ற ஆண்டு இதே களத்தில் அவன் கையொடிந்து கிடந்ததையும் அவ்விளைஞர் ஒரே மூச்சில் சொன்னார். எதிர் ஊரார் கைதட்டினர். போட்டி முடிந்து கோப்பை கொடுத்த பின்னரும் அவர் அக்காவலனைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தார். யாம் பேருந்துக்காகப் பெருஞ்சாலைக்கு நடந்து வந்தோம்; மாதா கோயிலைக் கடந்ததும் அந்த ஒலி கேட்கவில்லை.