மெய்ம்மையே படத்தின் உயிர்

கண்ணாற் கண்டதெல்லாம் மெய்யாகுமோ? தொலைக்காட்சியில் ஆவணப்படம் காண்போர் இவ்வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளல் வேண்டும்.

ஆவணப்படத்திற்குச் சிறந்த உறுப்புகள் ஐந்து. நிகழ்விடத்தில் எடுத்த காட்சி, நிகழ்ச்சியை நேரில் அறிந்தார் கூற்று, பழைய படச்சுருளும் கடிதமும் போன்ற சான்று, இவற்றை விளக்கிச் செல்லும் உரை, வேண்டாதன களைந்து வேண்டுவன கோக்கும் படத்தொகுப்பு என்பன அவை. இசை இவற்றிற்குத் துணை நிற்பது. இவை யாவும் செவ்வனே அமைந்தும் மெய்ம்மை இல்லையேல், அப்படம் உயிர் நீங்கிய உடலையே ஒக்கும்.

இராபர்ட் பிளாகர்ட்டி என்பார், வடகனடாவில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றி ‘நானூக் ஆப் தி நார்த்’ என்னும் படத்தை 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பனிவீட்டினுள் படமெடுக்க ஒளி போதவில்லை. ஆதலின், ஒரு பக்கம் திறந்த பனிவீடு ஒன்றை அமைப்பித்து, அதனுள் அம்மக்கள் உறங்கி எழுவதாகக் காட்டினார். அவர்கள் துப்பாக்கியைக் கையாளத் தொடங்கிவிட்ட அந்நாளில், பழைய முறைப்படி எறியீட்டியால் வேட்டையாடச் செய்து படம் பிடித்தார். கண்டோர் அனைத்தையும் இயல்பென்றே நம்பினர்.

இவ்வழக்கம் இன்றும் மறைந்திலது. 2011-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘புரோசன் பிளானட்’ தொடரில் துருவக்கரடிக் குட்டிகள் பனிவளையில் காட்டப்பட்டன. அக்காட்சி நெதர்லாந்து நாட்டு விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் எடுக்கப்பட்டது. காட்டுக்கரடியின் வளையில் கருவியை வைத்தால் குட்டியின் உயிருக்கோ படமெடுப்பவர் உயிருக்கோ கேடு நேரும் என்று, உரை வழங்கிய டேவிட் அட்டன்பரோ விளக்கினார். அக்காரணம் ஏற்கத்தக்கதே. ஆயினும், அவ்வுண்மை நிறுவனத்தின் இணையதளத்தில் கூறப்பட்டதேயன்றிப் படத்தின் உரையில் கூறப்படவில்லை. உரையில் ஒரு தொடர் சேர்த்திருப்பின் குறை யாது?

வகுப்பில் நில உருண்டையைக் காட்டி, ‘இஃது உலகின் மாதிரி’ என்னும் ஆசிரியரைப் பொய்யர் என்பார் யார்? அமைத்துக் காட்டுதல் குற்றமன்று. அமைத்ததை மறைத்தலே குற்றம்.

உண்மைச் சான்று தேடுவோர்க்கு ஏ. கே. செட்டியாரின் உழைப்பு வழிகாட்டும். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைப் பல நாடுகளிற் சென்று தேடி, ஏறத்தாழ 50,000 அடி திரட்டி, அவற்றினின்று 12,000 அடியைத் தெரிந்தெடுத்து, 1940-இல் படமாக வெளியிட்டார். திரட்டியதிற் பெரும்பகுதியை விலக்கும் துணிவும் அவர்க்கு இருந்தது.

உள்ளதை உள்ளவாறு உரைத்தல் படமெடுப்போர் கடன். ‘இஃது எங்கே, எவ்வாறு எடுக்கப்பட்டது?’ என வினவுதல் காண்போர் கடன். இவ்விரண்டும் ஒருங்கு நிகழுமிடத்தே மெய்ம்மை நிலைபெறும்.