காடுமேடு ஓடுவது யார் விளையாட்டு?

'கிராஸ் கண்ட்ரி' ஓட்டம் வெள்ளைக்காரனின் குளிர்நாட்டு விளையாட்டு என்றும், அதற்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் தமிழ் படித்த நண்பர்கள் பலர் கருதுகின்றனர். விளையாட்டுத் துறையினரோ அதைத் தார்ச்சாலையில் நடத்தி முடித்துவிட்டுச் சான்றிதழ் வழங்குகின்றனர். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

முதலில் வெள்ளைக்காரனின் உரிமைப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பள்ளி மாணவர் 'முயலும் வேட்டை நாய்களும்' என்றொரு விளையாட்டு ஆடினர். முன்னே ஓடுபவன் காகிதத் துண்டுகளை இறைத்துச் செல்வான். மற்றவர் அத்தடம் பற்றி, வேலி தாண்டி, ஓடை கடந்து, உழுத வயலில் கால் புதையத் துரத்துவர். அதிலிருந்து வளர்ந்த பந்தயத்துக்கு 1903 மார்ச் 28 அன்று, கிளாஸ்கோவை அடுத்த ஹாமில்டன் பார்க்கில் 'சர்வதேச'ப் பட்டம் சூட்டப்பட்டது. வந்த தேசங்கள் எத்தனை? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ். நான்கும் அன்று ஏழாம் எட்வர்ட் மன்னரின் ஒரே இராச்சியம். அதே மன்னரின் ஆட்சிக்குத்தான் குறிஞ்சிப்பாடியும் வரி கட்டிக்கொண்டிருந்தது, அதற்கு அழைப்பில்லை. பிரான்சு வந்து சேரவே 1907 ஆயிற்று. இன்னொரு வேடிக்கை: ஹாமில்டன் பார்க் ஒரு குதிரைப் பந்தய மைதானம். மறு ஆண்டுப் போட்டி நடந்த ஹேடாக் பார்க்கும் அவ்வாறே. நாட்டுப்புற ஓட்டத்தின் அரங்கேற்றம் கனவான்கள் பணம் கட்டிச் சூதாடும் புல்தரையில் நிகழ்ந்தது!

அவ்விரண்டு ஆண்டும் வென்றவரோ கனவான் அல்லர். ஆல்ஃபிரெட் ஷ்ரப் கட்டட வேலை செய்துவந்த தொழிலாளி. ஓடுவதற்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் 1905இல் அவரை வாழ்நாள் முழுதும் விலக்கி வைத்தனர். வயிற்றுக்குக் கவலையில்லாதவன் ஓடினால் விளையாட்டு, கூலிக்காரன் ஓடினால் குற்றம் என்பது அக்காலத்து நீதி. அப்போட்டியே 1973இல் உலக வாகையர் போட்டியாக மாறிற்று. அதன் பிறகு நடந்தது என்ன? 1986 முதல் 2003 வரை ஆடவர் குழுப் பட்டத்தைத் தொடர்ந்து பதினெட்டு முறை வென்றது கென்யா. வெள்ளைக்காரன் சொத்து என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எந்த நூற்றாண்டில் வாழ்கின்றனர் என்று நமக்கு விளங்கவில்லை.

நம் நாட்டுக் கதையும் வயலில்தான் தொடங்குகிறது. 1919இல் புனே டெக்கான் ஜிம்கானா விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடிய உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் கண்டு வியந்தார் தொராப்ஜி டாட்டா. ஐரோப்பிய விதிகளோ பயிற்சியோ அறியாதவர்கள் அவர்கள். அந்த வியப்பின் விளைவாக 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஓர் அணி சென்றது. மாரத்தானில் பெல்காமின் சௌகுலே 19ஆம் இடம் பெற்றார். தமிழகத்தைக் கேட்பீர்களாயின், புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்து ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், தடத்தின் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார் என்று பதக்கத்தை இழந்தார். மண்ணில் ஓடுபவனுக்கு அந்தச் சுண்ணாம்புக் கோடு இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'கண்ட்ரி' என்றதும் தேசம் எனக் கொண்டு 'நாடு கடக்கும் ஓட்டம்' என்று பெயர்ப்போரும் உளர்; ஓடுபவர் கையில் கடவுச்சீட்டு வேண்டுமோ? அச்சொல் குறிப்பது நாட்டுப்புறத்தை. நம் வழக்கிலும் நாடு என்பது அரச எல்லை மட்டுமன்று. காட்டுக்கு மறுதலையாக, உழுது பயிரிட்ட நிலமும் நாடே. 'காடுமேட்டு ஓட்டம்' என்றால் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் விளங்கும். ஓட்டம் நம் மொழிக்கு அயலானது என்போர் 'அஞ்சல்' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கட்டும். திருவிதாங்கூரில் அஞ்சல் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலேந்தி, பையைத் தோளிலிட்டு ஓடினார். 1951இல் இந்தியத் தபால் துறையில் கரையும் வரை அந்த அஞ்சல் தனித்துறையாய் இருந்தது. கோலைக் கைமாற்றி ஓடும் பந்தயத்தை நாம் தொடர் ஓட்டம் என்கிறோம். ஈழத்தில் அதன் பெயர் அஞ்சல் ஓட்டம்.

தார்ச்சாலைக்காரர்களிடம் நமக்குள்ள கோபம் இதனினும் பெரிது. 42 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் மாரத்தான்; இங்கோ '5 கி.மீ. மாரத்தான்' என்று சுவரொட்டி ஒட்டுகின்றனர். காடுமேட்டு ஓட்டம் என்று அறிவித்துவிட்டு, விடியற்காலையில் நெடுஞ்சாலையோரம் மாணவ மாணவியரை ஓடவிடுகின்றனர். பின்னால் பேருந்து, எதிரே கரும்பு லாரி, காலடியில் முழங்காலைத் தின்னும் தார். நாமறிந்த மாணவியர் சிலர் ஓட்டத்தைக் கைவிட்டது திறனில்லாமையால் அன்று. ஒலிப்பான்களுக்கும் ஏளனக் கூச்சலுக்கும் அஞ்சி. சர்வதேசப் போட்டியே பெண்களுக்கு முறைப்படி இடம் தர 1967 வரை காலம் கடத்திற்று. அந்தத் தாமதத்தை நாம் வேறு வடிவில் தொடர வேண்டுமா?

இத்தனைக்கும் நம் நிலம் எத்தகையது! குறிஞ்சி என்று பெயர் தாங்கியும் ஒரு குன்றில்லாத ஊர்தான் நம் ஊர். ஆனால் மேற்கே செம்மண்ணும் முந்திரிக் காடும், கிழக்கே பெருமாள் ஏரிப் பாசன வயல்களும், அவற்றுக்கு அப்பால் கடற்கரை மணலும் உள்ளன. திணை மயக்கத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் நாம், ஒரு காலைப் பொழுதில் அதைக் கால்களுக்குக் காட்டலாமே.

வெயில் என்பர். உண்மை, வெயில் கொடியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெப்பத்தில் புறப்பட்ட 38 பேரில் 15 பேரே ஓடி முடித்தனர். அத்தோடு இவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்தே நீங்கிற்று. அது ஜூலை மாதப் பிழை. நமக்குத் தை மாதத்துப் பனிக்காலை இருக்கிறது. வயற்காரர் ஒப்பமாட்டார் என்பதும் ஒரு தடை. சம்பா அறுத்த தாளடியில் உளுந்து முளைத்திருக்கும். அதை மிதிக்க நாமும் ஒப்போம். ஏரிக்கரை இருக்கிறது, வாய்க்காலோரம் இருக்கிறது, உரிமையாளரிடம் கேட்டுப் பெறத்தக்க முந்திரித் தோப்புகள் இருக்கின்றன. முந்திரி காய்க்கத் தொடங்குமுன் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.